யாரும் பார்க்காமல் ஓடும் டிவி, அதே கூடத்தில் விளையாடும் குழந்தை: அணைக்கத்தான் வேண்டுமா?

சாட்ஸ்வொர்த் மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். நான் மதுரையிலிருந்து கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்தவள், சாட்ஸ்வொர்த்தில் மாமனார் மாமியாரோடு இருக்கிறோம். பையனுக்கு இருபது மாதம். எங்கள் வீட்டில் காலையில் கதவைத் திறக்கும்போதே டிவியையும் போட்டுவிடுவார்கள். முதலில் செய்தி, அப்புறம் சீரியல், சனிக்கிழமை என்றால் ரக்பி, மாமனார் படுக்கப் போகும்வரை ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும். யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. மாமியார் அடுப்படியிலிருந்தே காதால் கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான்.

பையனும் பார்ப்பதில்லை, அதனால்தான் வீட்டுக்காரர் "பார்க்காத டிவி அவனை என்ன செய்துவிடும்" என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நேற்று துணி மடித்துக்கொண்டே அவனைக் கவனித்தேன். காலி ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் துணி மாட்டும் கிளிப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தான், உதட்டைக் குவித்துக்கொண்டு அவ்வளவு கவனமாக. விளம்பரம் வந்து சத்தம் ஏறியதும் கையில் கிளிப்போடு அப்படியே தலையைத் திருப்பினான். இரண்டு மூன்று விநாடிதான் இருக்கும், மறுபடி டப்பாவைப் பார்த்தான், ஆனால் போட்டுக்கொண்டிருந்ததை அங்கேயே விட்டுவிட்டு என் செருப்பை எடுக்கப் போய்விட்டான். செருப்பை வைத்து ஏதோ ஆரம்பித்தான், சீரியலில் யாரோ கத்தினார்கள், அதையும் விட்டான். இது இந்த வயதுக் குழந்தையின் இயல்பா, இல்லை டிவியாலா? வீட்டில் பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பீனிக்ஸ் ஆயா:

அம்மாடி, நான் ஆறு பேரப்பிள்ளைகளைப் பார்த்தவள், அதனால் சொல்கிறேன். எங்கள் காலத்தில் இந்த நாட்டில் டிவியே கிடையாது, 1976 ஜனவரியில்தான் வந்தது, அதுவரை அரசாங்கமே வேண்டாம் என்று தடுத்து வைத்திருந்தது. வந்த பிறகு தெருவில் ஒருவர் வீட்டில் வாங்கினால் எல்லோரும் அங்கே போய்விடுவோம். 1983-ல் இங்குள்ள இந்தியர்களுக்கென்று ரேடியோ லோட்டஸ் வந்ததும் வீட்டில் விடிந்ததிலிருந்து அதுதான். என் பிள்ளைகள் அந்தச் சத்தத்தில்தான் படித்தார்கள், இன்று நல்ல வேலையில் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் நினைத்துப் பார். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்க நானும் சுவரும்தான். டிவி ஓடினால் வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கும். வெளியே போகும்போதுகூட அணைப்பதில்லை, உள்ளே ஆள் இருப்பதாகத் திருடன் நினைக்கட்டும் என்றுதான். எல்லாவற்றுக்கும் மேலே, டிஷ்ஷில் வரும் தமிழ் சீரியலை விட்டால் என் பேத்தி காதில் தமிழ் விழ வழியே இல்லை. அவள் அம்மா அப்பா இருவரும் இங்கிலீஷ்தான். அந்த ஒன்றையும் அணைத்துவிட்டால் பிள்ளைக்குத் தமிழ் எங்கிருந்து வரும்?

மாரிட்ஸ்பர்க் பேச்சுப்பயிற்சி:

தங்கச்சி, நீங்கள் கவனித்தது மிகச் சரி. ஆராய்ச்சிக்கூடத்தில் வீடியோ எடுத்து அளந்ததை நீங்கள் துணி மடித்துக்கொண்டே பார்த்துவிட்டீர்கள். குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேனியல் ஆண்டர்சன் குழுவினர் ஒரு சோதனை செய்து 2008-ல் வெளியிட்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகள் 50 பேர். ஒவ்வொரு குழந்தையும் பொம்மைகளோடு ஒரு மணி நேரம் விளையாடியது, அதில் பாதி நேரம் பெரியவர்களுக்கான ஒரு வினாடி வினா நிகழ்ச்சி டிவியில் ஓடியது, மீதிப் பாதி நேரம் டிவி அணைந்திருந்தது. அந்த நிகழ்ச்சி குழந்தைக்குப் புரியாது, பிடிக்கவும் பிடிக்காது. அவர்கள் அதைப் பார்த்தது நிமிடத்துக்கு ஒரு தடவைகூட இல்லை, பார்த்தாலும் சில விநாடிகள்தான். ஆனாலும் டிவி ஓடிய அரை மணியில் ஒரு பொம்மையோடு ஒட்டி விளையாடும் நேரம் குறைந்தது, முகத்தைச் சுருக்கி ஒன்றிலேயே ஆழ்ந்திருப்பார்களே, அந்த நேரமும் குறைந்தது. பார்ப்பதால் வரும் கெடுதல் இல்லை இது, இடையில் அறுபடுவதால் வருவது.

காரணம் எளிது. திடீர் சத்தம், திடீர் வெளிச்சம், குரல் மாறுவது, இதெல்லாம் வந்தால் தலை தானாகத் திரும்பும். ஆபத்தா என்று பார்க்க இயற்கை வைத்த ஏற்பாடு அது, பெரியவர்களுக்கும் உண்டு. ஆனால் நமக்கு "அது விளம்பரம்தான்" என்று ஒதுக்கிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரத் தெரியும். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு விட்ட இடம் எது என்றே நினைவில் நிற்காது. டப்பாவில் கிளிப் போடுவது அவனுக்கு ஒரு பெரிய வேலை: எடுக்க வேண்டும், டப்பாவின் வாயைக் குறிபார்க்க வேண்டும், விட வேண்டும், சத்தம் கேட்க வேண்டும், மறுபடி செய்ய வேண்டும். நடுவில் அறுந்தால் முதலிலிருந்துதான். அவன் செருப்பைத் தேடிப் போனது அதனால்தான்.

அந்த விளையாட்டுதான் இந்த வயதில் படிப்பு. டப்பா நிறைந்தால் என்ன ஆகும், கவிழ்த்தால் என்ன ஆகும், மூடி எந்தப் பக்கம் பொருந்தும் என்று ஒரே பொருளோடு மெனக்கெடும்போதுதான் அடுத்த படிக்குப் போகிறான்.

ஜோபர்க் அப்பா:

அக்கா, மன்னிக்கவும், எனக்கு இதில் கொஞ்சம் சந்தேகம் உண்டு. கணக்கு சம்பந்தப்பட்ட வேலையில் இருப்பவன் நான். டிவி பார்த்தால் கவனக்குறைவு நோய் வரும் என்று 2004-ல் ஒரு ஆய்வு வந்து உலகம் முழுக்கப் பரபரப்பானது, சின்ன வயதில் எவ்வளவு டிவியோ அவ்வளவுக்கு ஏழு வயதில் கவனப் பிரச்சினை என்று. அதே தரவை 2010-ல் வேறு இருவர் எடுத்துக் கணக்குப் போட்டபோது அந்தத் தொடர்பு நிற்கவில்லை, ஒரு நாளைக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் பார்க்கும் குழந்தைகளிடம் மட்டும்தான் ஏதோ தெரிந்தது. 2021-ல் இன்னொரு குழு பல நூறு விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்து, பெரும்பாலானவற்றில் ஒன்றுமில்லை என்றது. டிவி அதிகம் ஓடும் வீட்டில் வேறு என்னென்ன கஷ்டமோ, யாருக்குத் தெரியும்? இரண்டு பேரும் வேலைக்கு ஓடும் வீடு, ஒற்றை அறை வீடு, பிள்ளையைத் தனியாக வளர்க்கும் அம்மா. பழியைத் தூக்கி டிவி மேல் போட்டுவிட்டு அந்த அம்மாவை இன்னும் குற்றவாளி ஆக்க வேண்டாம் என்பதுதான் என் கவலை.

மாரிட்ஸ்பர்க் பேச்சுப்பயிற்சி:

தம்பி, அந்தக் கவலை எனக்கும் உண்டு, நீங்கள் சொன்ன இரண்டு மறுகணக்கும் உண்மை. யாரிடமும் "டிவி ஓடியதால் உங்கள் பிள்ளைக்குக் கவனக்குறைவு நோய் வந்துவிட்டது" என்று நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனால் அது வேறு கேள்வி. அங்கே கேட்டது, இன்று பார்த்த டிவி ஏழு வயதில் என்ன செய்யும் என்று. தங்கச்சி கேட்பது, இப்போது இந்தக் கூடத்தில் ஓடும் டிவி இப்போது விளையாடும் குழந்தையை என்ன செய்கிறது என்று. 2008 சோதனையில் அதே குழந்தைதான் டிவியோடும் டிவி இல்லாமலும் விளையாடியது. ஏழை வீடா பணக்கார வீடா என்ற பேச்சே அதில் வராது. பிள்ளை அதே, பொம்மை அதே, டிவி மட்டும்தான் மாறியது.

இதில் இன்னொரு பாதி இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிது. அதே குழுவினர் 2009-ல் பெற்றோரைக் கவனித்தார்கள். டிவி ஓடும்போது அம்மாவோ அப்பாவோ பிள்ளையோடு பேசுவது, சேர்ந்து விளையாடுவது குறைந்தது, பேசியதும் ஏனோதானோ என்று ஆனது. அதே ஆண்டு சியாட்டிலில் டிமிட்ரி கிறிஸ்டாகிஸ் குழுவினர் (தம்பி சொன்ன 2004 ஆய்வைச் செய்தவரும் இவர்தான்) 329 குழந்தைகளுக்கு ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியை மாட்டிவிட்டு வீட்டில் நாள் முழுக்க என்ன கேட்கிறது என்று பதிந்தார்கள். டிவி சத்தம் கேட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும், குழந்தையின் காதில் விழும் பெரியவர்களின் சொற்கள் சுமார் 770 குறைந்தன. குழந்தை தானே எழுப்பும் மழலை குறைந்தது, "ம்ம், என்ன கண்ணு?" என்று மாறி மாறிப் பேசுவதும் குறைந்தது. இது இரண்டும் சேர்ந்து வருகிறதா என்று பொருத்திப் பார்த்த கணக்குதான், சோதனை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் சோதனையில் தெரிந்ததும் வீட்டில் தெரிந்ததும் ஒரே பக்கம்தான் கைகாட்டுகின்றன.

ஆயா, உங்கள் கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. அந்தச் சியாட்டிலிலேயே பாட்ரீசியா குல் என்பவர் 2003-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீனமொழி பேசுகிறவர்கள் நேரில் வந்து பன்னிரண்டு தடவை கதை சொல்லி விளையாட்டுக் காட்டினார்கள். குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்துக் கேட்கக் கற்றுக்கொண்டார்கள். அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் டிவியிலும் ஒலிநாடாவிலும் கொடுத்தபோது ஒன்றுமே ஏறவில்லை. சீரியல் ஓடினால் பேத்திக்குத் தமிழ் வராது, ஆயா. நீங்கள் பேசினால் வரும். சீரியல் சத்தத்தில் நீங்கள் பேசாமல் இருந்துவிட்டால் வரவேண்டிய தமிழும் போய்விடும்.

பீனிக்ஸ் ஆயா:

நான் பேசினால் அவள் இங்கிலீஷில்தானே பதில் சொல்கிறாள்.

மாரிட்ஸ்பர்க் பேச்சுப்பயிற்சி:

சொல்லட்டும் ஆயா, நீங்கள் தமிழிலேயே பேசுங்கள். புரிந்துகொண்டுதானே பதில் சொல்கிறாள், அதுவே பெரிது. தோட்டத்துக் கறிவேப்பிலையைக் கிள்ளிக் கையில் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். தாளிக்கும்போது பக்கத்தில் நிறுத்திவைத்து, தூரமாகத்தான், கடுகு வெடிப்பதைக் காட்டுங்கள். உங்கள் அம்மா பாடிய தாலாட்டு இரண்டு வரி நினைவிருந்தால் பாடுங்கள். அவள் முகத்தைப் பார்த்து, அவள் எதைப் பார்க்கிறாளோ அதைப் பற்றிச் சொல்லும் தமிழ்தான் ஒட்டும்.

பெனோனி இரவுப்பணி:

நான் நர்ஸ், இரவு வேலை, பகலில் மகளோடு வீட்டில். அக்கா சொல்வதை என் வீட்டிலேயே பார்த்தேன், அதற்குக் காரணம் மின்வெட்டு. 2023-ல் லோட்ஷெடிங் எப்படி இருந்தது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், ஒரு தடவை போனால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது, ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை. கரண்ட் போனதும் எரிச்சலாக வரும், சமையல் பாதியில் நிற்கும். ஆனால் மகள் அந்த நேரத்தில்தான் ஒரு இடத்தில் உட்காருவாள். தலையணைகளை வரிசையாக அடுக்கி, பொம்மைகளை அதன் மேல் படுக்கவைத்து, ஒவ்வொன்றுக்கும் போர்த்திவிட்டு, என்னையும் கூப்பிட்டு ஊசி போடச் சொல்வாள். நானும் வேறு வேலை இல்லாததால் தரையில் அவளோடு உட்கார்ந்துவிடுவேன். கரண்ட் வந்ததும் டிவி தானாக உயிர்பெறும், பொம்மைகள் போர்வையோடு அப்படியே கிடக்கும். 2024 மார்ச் கடைசியில் லோட்ஷெடிங் பெரும்பாலும் நின்ற பிறகு அந்த விளையாட்டும் குறைந்தது. இப்போது நானே மத்தியானம் டிவி பிளக்கைப் பிடுங்கிவிடுகிறேன்.

ஜோபர்க் அப்பா:

இது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கரண்ட் போனபோது உங்கள் போன், சமையல், துணி துவைப்பது எல்லாமே நின்றதே, நீங்களும் தரையில் உட்கார்ந்தீர்களே. டிவி மட்டும்தான் காரணமா?

பெனோனி இரவுப்பணி:

அதையேதான் சொல்கிறேன் அண்ணா. நான் தரையில் உட்கார்ந்ததுதான் பாதிக் காரணம். டிவி ஓடினால் நான் உட்காருவதில்லை, உட்கார்ந்தாலும் கண் அங்கேதான்.

சாட்ஸ்வொர்த் மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா எழுதியதை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன், "அதே பிள்ளை, அதே பொம்மை" என்ற இடத்தில் ஒத்துக்கொண்டார். ஆனால் மாமனாரிடம் எப்படிச் சொல்வது? அவர் வீடு, அவர் டிவி, வயதானவர். பேரன் மேல் உயிரையே வைத்திருக்கிறார். மருமகள் வந்து டிவியை அணைக்கச் சொன்னால் மனம் நோகும். முற்றிலும் அணைக்காமல் சத்தத்தை மட்டும் குறைத்தால் போதாதா? ரேடியோ பரவாயில்லையா?

லேனேசியா மாமா:

மகளே, நான் மாமனார் பக்கத்து ஆள், என் பேரனுக்கு மூன்று வயது. எங்கள் வயதில் டிவியைப் போடுவது பார்ப்பதற்காக இல்லை, ஆயா சொன்னதுதான், வீடு வெறிச்சென்று இருக்கக் கூடாது என்பதற்காக. அதனால் "அணையுங்கள்" என்று சொல்லாதே. அது எங்களுக்கு "நீங்கள் தனியாக இருங்கள்" என்று கேட்கும். வேலை கொடு. என் மருமகள் செய்தது அதுதான். காலையில் பேரனைக் குளிப்பாட்டியதும் "மாமா, இவனை முற்றத்தில் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள், எனக்குக் கை ஓடவில்லை" என்றாள். நானும் அவனும் செடிக்குத் தண்ணீர் விடுவோம், எறும்பு பார்ப்போம், கேட்டுக்கு வெளியே போகிற டாக்சிகளை எண்ணுவோம். கூடத்தில் டிவி ஓடினாலும் எங்களுக்குக் கேட்காது. செய்தி எனக்கு வேண்டும், அதை விட மாட்டேன், ஆனால் அவன் தூங்கும்போது பார்த்துக்கொள்வேன். ரக்பி இருந்தால் அன்று அவனுக்கு அறையில் விளையாட்டு. எங்களிடம் ஆராய்ச்சியை எல்லாம் படித்துக் காட்ட வேண்டாம், பேரன் நம்மைத் தேடுகிறான் என்று தெரிந்தால் போதும்.

மாரிட்ஸ்பர்க் பேச்சுப்பயிற்சி:

மாமா சொன்னதற்கு மேல் அந்த விஷயத்தில் நான் சொல்ல ஒன்றுமில்லை. சத்தம் பற்றிக் கேட்டீர்கள் தங்கச்சி. குறைத்தால் கொஞ்சம் நல்லதுதான். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 2016-ல் இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளுக்குப் புதுச் சொற்கள் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். பின்னால் ஆட்கள் பேசும் சத்தம் பலமாக இருந்தபோது குழந்தைகள் சொல்லைப் பிடிக்கவில்லை, அதுவே மெதுவாக இருந்தபோது பிடித்தார்கள். நம் காது ஒரு குரலை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ளும், பிஞ்சுக் காதுக்கு அது இன்னும் பழகவில்லை. ஆனால் சத்தமே இல்லாத டிவியும் கண்ணை இழுக்கும், பெரியவர்கள் கண்ணையும் சேர்த்து. வேறு வழியே இல்லை என்றால் பிள்ளை உட்காரும் பாயை டிவிக்கு முதுகு காட்டிப் போடுங்கள்.

ரேடியோவிலும் ஓயாத பேச்சு என்றால் காதுக்கு அதே தொந்தரவுதான், படம் இல்லை என்பது மட்டும் வித்தியாசம். பாட்டுப் போட்டு நீங்களும் சேர்ந்து பாடினால் அது வேறு, அதில் பிள்ளைக்குப் பங்கு இருக்கிறது. திருடனுக்குப் பயந்து போடுகிறவர்கள் ஆள் இல்லாதபோது போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளையும் உங்களோடு வெளியேதானே இருக்கும்.

எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது, இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுக்கு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள். ஆனால் அது பிள்ளை உட்கார்ந்து பார்ப்பதற்கான அளவு, பின்னால் ஓடுவதை அதில் யாரும் எண்ணுவதில்லை. அமெரிக்காவில் எட்டு மாதம் முதல் எட்டு வயது வரை பிள்ளைகள் உள்ள வீடுகளில் கேட்டு 2012-ல் வெளியிட்ட கணக்குப்படி ஒரு குழந்தையைச் சுற்றி நாளைக்குச் சராசரி 232 நிமிடம் டிவி சும்மா ஓடுகிறது, கிட்டத்தட்ட நாலு மணி நேரம். "என் பிள்ளை டிவியே பார்ப்பதில்லை" என்று என்னிடம் வரும் பெற்றோர் உண்மையைத்தான் சொல்கிறார்கள். வீட்டில் டிவி எத்தனை மணிக்கு அணையும் என்று நான் திருப்பிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வரும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். பிள்ளை விழித்து நன்றாக விளையாடும் நேரம் ஒன்று இருக்கும், பெரும்பாலும் காலை பத்து மணி சுமாருக்கு. அந்த ஒரு நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் மட்டும் முதலில் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

சாட்ஸ்வொர்த் மருமகள்:

சரி அக்கா, காலை நேரத்தை மாமா சொன்ன மாதிரி மாமனாரிடமே ஒப்படைக்கிறேன், முற்றத்தில் மாமரம் இருக்கிறது, நிழலுக்குக் குறைவில்லை. ஒரு கேள்வி மட்டும். பையன் இதுவரை "தா", "பா", "ஆயா" தவிர ஒன்றும் சொல்வதில்லை. டிவியை நிறுத்தினால் பேச்சு வந்துவிடுமா, கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கட்டுமா?

மாரிட்ஸ்பர்க் பேச்சுப்பயிற்சி:

பொறுக்க வேண்டாம் தங்கச்சி. டிவியை நிறுத்துவது நல்லது, ஆனால் இருபது மாதத்தில் மூன்று சொல் என்றால் அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. முதலில் காதைச் சோதிக்க வேண்டும். சளி பிடித்துக் காதுக்குள் நீர் கோத்துக்கொண்டாலே பாதிச் சத்தம் கேட்காது, வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உங்கள் பையன் விளம்பரச் சத்தத்துக்குத் திரும்புகிறான் என்பது நல்ல அடையாளம்தான், இருந்தாலும் மெதுவான பேச்சு கேட்கிறதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. தடுப்பூசிக்குக் கொண்டுபோகும் ரோடு டு ஹெல்த் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள், வயதுவாரியாகப் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று அதிலேயே ஒரு பக்கம் இருக்கும், அதைக் காட்டி நர்ஸிடம் காது சோதனைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். "ஆண் பிள்ளை, தாமதமாகத்தான் பேசுவான்" என்று யாராவது திருப்பி அனுப்பினால் கேட்காதீர்கள், மறுபடி போய்க் கேளுங்கள். கூட மாமனாரையும் கூட்டிப் போங்கள், பகலில் அவன் என்னென்ன சத்தம் எழுப்புகிறான் என்று அவருக்குத்தான் இனிமேல் அதிகம் தெரிந்திருக்கும்.